வாயசைப்போர் சங்கம்

பாட்டுப் பாடினால் பட்டம் தருவார்கள் என்று அறிவிப்புப் பலகையில் படித்த அன்று ஜெயபாரதிக்குக் கால் தரையில் பாவவில்லை.

உண்மையில் அதில் எழுதியிருந்தது வேறு. இறுதியாண்டு மாணவர்கள் எல்லாரும் விளையாட்டு, யோகா, தோட்டக்கலை, சேர்ந்திசை ஆகியவற்றில் ஒன்றைக் கட்டாயம் எடுக்க வேண்டும்; ஆண்டு முடிவில் பல்கலைக்கழகத்திலிருந்து தேர்வாளர் வருவார்; அதில் தேறாதவர்கள் மற்ற பாடங்களில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் பட்டம் பெற முடியாது. மற்றவர்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு முனகினார்கள். ஜெயபாரதி 'சேர்ந்திசை' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். அதற்கப்புறம் இருந்ததெல்லாம் அவள் கண்ணில் படவில்லை.

எல்லாம் நூலகம் செய்த வேலை. அவள் படித்தது பி.காம். ஆனால் நூலகத்தின் கடைசி அலமாரியில், வேறு யாரும் தொடாமல் தூசி அடைந்து கிடந்த மொழிபெயர்ப்பு நாவல்களை அவள் ஒன்றுவிடாமல் முடித்திருந்தாள். அந்த நாவல்களில் மாணவர்கள் நீளக் கோட்டு போட்டுக்கொண்டு பனியில் நடந்து போனார்கள். பழைய கல் மண்டபங்களில் தோளோடு தோள் ஒட்டி நின்று பாடினார்கள். பாடி முடித்து வெளியே வந்தால் அவர்கள் வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு வந்தது. பக்கத்தில் பாடியவன் சூடாக சூப் வாங்கிக் கொடுத்தான். அவள் கல்லூரி இருந்த அருள்புரத்தில் இவை எதுவும் நடக்கக்கூடியவை அல்ல. இங்கே புகை வருவது பஸ்ஸிலிருந்து மட்டும்தான். இருந்தாலும் சேர்ந்திசை மட்டும் எப்படியோ வழி தவறிப் பல்லடம் ரோட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறதே! பஸ் பிடித்துத் திரும்பிப் போவதற்குள் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாமா? அன்று மத்தியானமே பெயரைக் கொடுத்துவிட்டாள். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வியர்த்துக் கொட்டியது.

பனிக்கும் அவளிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. அப்பா கருப்புசாமி, கல்லூரி மதிலை ஒட்டிய நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். பனியன் துணி பின்னுகிற பெரிய வட்ட மெஷின்கள் சுற்றச் சுற்ற நூலிலிருந்து பஞ்சு பறந்து எல்லார் மேலும் படியும். ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவர் தலை, புருவம், மீசை எல்லாம் வெளுத்திருக்கும்.

"அப்பா, எந்த நாட்டுல இருந்துங்க வர்றீங்க?" என்று வாசலில் மறித்துக் கேட்பாள்.

"மதிலுக்கு அக்கட்டால இருந்துதான் கண்ணு. நகரு, கை கழுவோணும்."

சேர்ந்திசை சொல்லித்தர வந்தவர் ரோஸ்மேரி மேடம். நாசரேத்துப் பக்கம் பிறந்து, கோயில் பாடகர் குழுவிலேயே வளர்ந்து, கணவரின் வேலைக்காகத் திருப்பூருக்கு வந்தவர். கைப்பையில் கர்ச்சீப்பில் சுற்றி ஓர் இசைக்கவை வைத்திருந்தார். இரண்டு கால் உள்ள சின்ன இரும்பு முள். அதை முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தால் 'ம்ம்ம்' என்று ஒரே ஒரு சுருதி வரும். அது வெயிலுக்கும் மழைக்கும் மாறாது என்பதில் மேடத்துக்கு அவ்வளவு பெருமை. தபலா, ஆர்மோனியம் எதுவும் கிடையாது. குரல் மட்டும்தான். பெண்களில் மேல்குரல், கீழ்க்குரல், ஆண்களில் மேல்குரல், கீழ்க்குரல் என்று நான்கு வரிசை. தேர்வுக்கான பாட்டை மேடமே எழுதி மெட்டும் போட்டிருந்தார். மலையில் பெய்கிற முதல் மழை நொய்யல் ஆற்றில் இறங்கி வருகிற கதை.

*மேற்கே இடித்தது, கேட்டாயா?*
*மண்ணே, கதவைத் திற.*

முதல் நாள் நான்கு வரிசையும் ஒன்றாகச் சேர்ந்தபோது ஜெயபாரதிக்கு முதுகுத்தண்டில் எறும்பு ஊர்ந்தது. தன் வாயிலிருந்து புறப்பட்ட சத்தம் மற்றவர்களின் சத்தத்தோடு கலந்து, மண்டபத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வரை போய், யாருடையது என்றே தெரியாத வேறொன்றாகத் திரும்பி வந்தது. மேல்குரல் வரிசையில் பக்கத்தில் நின்ற பிரிசில்லாவின் கையைக் கிள்ளினாள்.

"ஏட்டி, வலிக்கி!"

"எனக்கும் வலிக்குதா பாரு, கிள்ளு."

பாட்டு முடிந்தது. ரோஸ்மேரி மேடம் கவையைத் தட்டிக் காதில் வைத்தார். முகம் சுருங்கியது. ஆரம்பித்த சுருதி ஓரிடம், முடிந்த சுருதி வேறிடம். பாட்டு அரைப்படி கீழே இறங்கியிருந்தது.

"மொட்டை மாடில ஏறுங்கன்னு சொன்னா, கிணத்துக்குள்ள இருந்து எட்டிப் பாக்கியளே பிள்ளைங்களா!" என்றார்.

மறுநாளும் இறங்கியது. அதற்கு மறுவாரமும் இறங்கியது. யாரோ ஒருவர் இழுக்கிறார்கள், மற்றவர்கள் பின்னால் போகிறார்கள் என்பது மேடத்தின் கணக்கு. பாடும்போதே வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு வாய்க்குப் பக்கத்திலும் காதைக் கொண்டுபோனார். ஜெயபாரதியிடம் வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு விலகினார். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குடும்பத்துக் குரல் அது. அடங்கி ஒலிப்பது எப்படி என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"நீதாம்ட்டி இழுக்கே! லாரி ஆரன் கணக்கா ஒரு தொண்டை. அது கீழ போனா எல்லாரும் பின்னால போகத்தான செய்வாவ?"

"நான் நேராத்தானுங்க மேடம் பாடறேன்."

"நேரால்லாம் இல்லே. இனிமே நீ வாயை மட்டும் அசை. சத்தம் வரப்பிடாது. பரீட்சை அன்னைக்குப் பின்வரிசைல நின்னுக்கோ. கூட்டத்தோட கூட்டமாப் பாஸ் ஆயிருவே."

மண்டபமே சிரித்தது. ஜெயபாரதியும் சிரித்தாள். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதாள். நாவல்களில் பாடகர் குழுவிலிருந்து யாரையாவது துரத்தினால் அவர்கள் ரயிலேறி வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அவளுக்கு அடுத்த வகுப்பு வணிகச் சட்டம்.

ஆனால் வாயசைப்பதில் அவளை மிஞ்ச அந்தக் கல்லூரியில் ஆள் கிடையாது. மெஷின் ஓடும் இடத்தில் யாரும் காதால் பேச்சைக் கேட்பதில்லை. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். சோறு கொண்டுபோகிற வயதிலிருந்தே அவள் அப்பாவோடு அப்படிப் பேசிப் பழகியவள். 'உப்புப் பத்தலை' என்பதையும் 'ஊட்டுக்குப் போ' என்பதையும் எட்ட நின்றே படித்துவிடுவாள். எனவே பின்வரிசையில் நின்று அவள் உதட்டை அசைத்த அழகைப் பார்த்தால் குழுவிலேயே நன்றாகப் பாடுகிறவள் அவள்தான் என்று சத்தியம் செய்வீர்கள். புருவம் ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் தானாக மூடிக்கொள்ளும். உள்ளே பனி பெய்யும். சத்தம் மட்டும் வராது.

இதில் ஒரு சிக்கல். அவள் வாயை மூடிய பிறகும் பாட்டு இறங்கியது.

மேடம் அடுத்த குற்றவாளியைத் தேடினார். கீழ்க்குரல் முத்துப்பேச்சி அகப்பட்டாள். வாயசைப்பு. அப்படியும் இறங்கியது. ஆண்கள் வரிசையில் முனீஸ் அகப்பட்டான். அவன் நிஜமாகவே தூங்கிக்கொண்டுதான் இருந்தான், ஆனாலும் வாயசைப்பு. அப்படியே ஒவ்வொருவராகக் கழிந்து, பொங்கல் வருவதற்குள் பாதிக் குழு மீன்தொட்டியாகிவிட்டது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நான்கு வரிசை முழங்கிப் பாடுவதாகத் தோன்றும். காதுக்கு வருவது பஜனைக்கு வந்த கூட்டம் சாப்பாட்டுக்கு எழுந்து போன பிறகு மிஞ்சுகிற சத்தம்.

கேன்டீனில் வாயசைப்போர் சங்கம் தொடங்கியது இந்தச் சமயத்தில்தான். நிறுவனர், தலைவி ஜெயபாரதி. சங்கக் கூட்டங்களில் யாரும் சத்தம் போட்டுப் பேசக் கூடாது. டீ சொல்வதும் உதட்டால்தான். கேன்டீன்காரர் முதல் நாள் பதறிப்போனார். "ஏனுங்க, எல்லாத்துக்கும் தொண்டை கட்டிக்கிச்சுங்களா? சுக்குக் காப்பி போடட்டுமுங்களா?" புதிதாக வருகிறவர்களுக்கு வரவேற்புரை உண்டு. அதுவும் சத்தமில்லாமல். கடைசியில் கைதட்டல், கை படாமல்.

ஒரு நாள், மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை கரண்டை நிறுத்துகிற மாதாந்திர நாளில், மெழுகுவர்த்தி கூடத் தேவைப்படாத வெளிச்சத்தில் பயிற்சி நடந்தது. பாட்டு முடிந்தது. மேடம் கவையைத் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இறங்கல," என்றார். "ஏசப்பா, இறங்கவே இல்ல!"

எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். மேடம் குதிக்கவில்லை. துப்பறிகிறவர் முகத்தோடு எழுந்தார்.

"இன்னைக்கு யாரு வரல?"

தமிழ்செல்வன் வரவில்லை. பல்லடத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற வீட்டுப் பையன். அன்று பண்ணையில் கோழி ஏற்ற லாரி வந்திருந்தது. ஆண்களின் கீழ்க்குரலுக்கு அவன்தான் தூண். அவன் ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். மறுநாள் சட்டையில் கோழி இறகோடு வந்து நின்றவனிடம் மேடம் தீர்ப்பைச் சொன்னார்.

"ஏனுங் மேடம், நான் இல்லாதன்னைக்கு நடந்ததுக்கு நானுங்களா பொறுப்பு?"

"நீ இல்லாததாலதாம்ல நல்லா நடந்துச்சு. வாயை மட்டும் அசை."

அவன் கேன்டீனுக்கு வந்து சங்கத் தலைவியின் எதிரில் உட்கார்ந்தான். "இந்தக் கட்சில சேர என்னம்மா பண்ணோணும்?" என்றான். சத்தமாகக் கேட்டதற்காக அவனுக்கு ஒரு வடை அபராதம் விதிக்கப்பட்டது.

அதே நேரத்தில் பிரிசில்லா ஓடிவந்தாள். அவளுடைய சித்தி மகள் படிக்கிற கல்லூரியில் தேர்வு முடிந்துவிட்டதாம். தேர்வாளர் பெயர் குழந்தையம்மாள்.

"பேருதான் குழந்தை. அந்தம்மா பாட்டு நடக்கும்போதே வரிசைக்குள்ள புகுந்து நடக்காவளாம். நேராப் பின்வரிசைக்குத்தான் போவாவளாம். யாரு வாயை அசைச்சு ஏமாத்துதான்னு பாத்து, அவங்களைத் தனியாப் பாடச் சொல்லுவாவளாம். அங்க ஆறேழு பேரு பெயிலுட்டி."

சங்கம் முதன்முறையாக நிஜமாகவே பேச்சிழந்தது. ஜெயபாரதிக்கு அறிவிப்புப் பலகையின் கடைசி வரி அப்போதுதான் முழுசாகக் கண்ணில் பட்டது. தேறாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் போவதைவிடக் கொடுமை ஒன்றும் அவளுக்குத் தோன்றியது. தனியாகப் பாடச் சொல்லி, பாட்டு இறங்கிவிட்டால், மேடம் சொன்னது உண்மை என்றாகிவிடும். இழுத்தது அவள்தான் என்றாகிவிடும். அப்புறம் அவள் குளியலறையில்கூடப் பாட முடியாது.

அன்று மாலைப் பயிற்சியில் அவள் பின்வரிசையில், மதிலை ஒட்டிய சுவரில் சாய்ந்து நின்று வாயசைத்தாள். தமிழ்செல்வனும் பக்கத்தில் அசைத்துக்கொண்டிருந்தான். பாட்டு வழக்கம்போல இறங்கியது. வாய் வேலையில்லாமல் இருப்பவர்களுக்குக் காது நன்றாக வேலை செய்யும். படிப்படியாக அது இறங்குவதை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசி வரி வந்தது. *கதவைத் திற.* மேடம் கையை மடக்கினார். எல்லாரும் நிறுத்தினார்கள்.

பாட்டு நிற்கவில்லை.

கடைசிச் சுருதி அப்படியே தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருந்தது. மெல்ல, அசையாமல், மூச்சே விடாமல். ஜெயபாரதி பிரிசில்லாவைப் பார்த்தாள். அவள் வாய் மூடியிருந்தது. தமிழ்செல்வன் வாயும் மூடியிருந்தது. ஜெயபாரதி முதுகில் ஒரு கிச்சுக்கிச்சு உணர்ந்தாள். திரும்பிச் சுவரில் காதை வைத்தாள்.

அடுத்த கணம் அவள் போட்ட சிரிப்பில் மேடத்தின் கவை கீழே விழுந்தது.

"என்னட்டி சிரிப்பு?"

"மேடம்... செவுரு பாடுதுங்க!"

"கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"சத்தியமாங்க. நாம எறங்கிப் போயி நிக்கற எடத்துலயே நின்னு பாடுதுங்க. எங்கப்பா மெஷினுங்க மேடம் அது! மதிலுக்கு அக்கட்டால அத்தனை மெஷினும் ஒரே சத்தத்துல ஓடுதுங்கல்ல? நாம அதுகிட்டப் போயிட்டே இருக்கறோமுங்க. மாசா மாசம் கரண்டை நிறுத்தறன்னைக்குக் கம்பெனிக்கே லீவுங்க, மெஷின் ஓடுல. அதான் நாம எறங்குல. பாவம் தமிழு, அவனும் எறக்குல!"

யாரும் நம்பவில்லை. ஆனால் யாரும் சும்மாவும் இருக்கவில்லை. மொத்தக் குழுவும் சுவரை நோக்கிப் பாய்ந்தது. இடது காது சிலர், வலது காது சிலர், மூக்கு நசுங்கி முனீஸ். காது வைக்க இடம் கிடைக்காதவர்கள் பெஞ்சு மேல் ஏறி வைத்தார்கள். அந்நேரம் மண்டபத்தை எட்டிப் பார்த்த கல்லூரி முதல்வர், சுவரைத் தழுவி நிற்கிற இறுதியாண்டு மாணவர்களையும் நடுவில் அதே நிலையில் நிற்கிற ஆசிரியையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ரோஸ்மேரி மேடம் காதை எடுத்தார். கவையைப் பொறுக்கித் தட்டிப் பார்த்தார். மறுபடி சுவர். மறுபடி கவை. "சரியா அரைப்படி கீழ," என்றார். "எத்தனை மாசமா நான் ஒரு செவுத்தோட மல்லுக்கட்டிருக்கேன்."

அந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் இது தோன்றாமல் போனதற்கும் காரணம் இருந்தது. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் சத்தமாகத் தெரியாது. இங்கே பக்கத்து வீட்டில் மெஷின் ஓடினால் குழந்தை தூங்கும். மெஷின் நின்றால் விழித்து அழும். சோறு தின்னும்போது சத்தம் நின்றுவிட்டால் கவளத்தோடு கை அந்தரத்தில் நிற்கும், பேசுகிற பேச்சு பாதியில் நிற்கும், எல்லாரும் தலையைத் தூக்கி 'என்னாச்சு, நூல் அறுந்துருச்சா?' என்று காதைத் தீட்டுவார்கள். அது மறுபடி ஓடிய பிறகுதான் கவளம் வாய்க்குப் போகும். கவளம் போடுகிறவர்களுக்கே இது தெரியாது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜெயபாரதி அப்பாவிடம் தூது போனாள்.

"அப்பா, பரீட்சையன்னைக்கு ஒரு அரை மணி நேரம் மட்டும் மெஷினை நிறுத்தி வெக்க முடியுமுங்களா?"

கருப்புசாமி ரசத்தை உறிஞ்சி முடித்தார். "கண்ணு, ஓனர் மகன் கல்யாணத்தன்னைக்கே நாங்க ஷிஃப்ட் மாத்திப் போட்டு ஓட்டுனோம். உம்பட பாட்டுக்கா நிறுத்துவாங்க? ஆமா, நீ பாடறயா என்ன? நாங் கேட்டதே இல்லையே."

"எங்கீங்க கேப்பீங்க? ஊட்டுல இருந்தாத் தூங்கறீங்க, அங்க இருந்தா மெஷினு."

மறுநாள் அவள் மேடத்தின் முன்னால் போய் நின்றாள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள், ஆனால் சொல்லும்போது ஒரே மூச்சில் வந்தது. "மேடம், அது எறங்கி வராதுங்க, நிக்கவும் நிக்காதுங்க. நாம ஏனுங்க அதுகூடச் சண்டை போடோணும்? அதோட சுருதிலயே ஆரம்பிச்சுரலாமுங்க. அப்பறம் எங்கீங்க எறங்கறது?"

ரோஸ்மேரி மேடம் கையிலிருந்த கவையைப் பார்த்தார். பிறகு கர்ச்சீப்பில் சுற்றிக் கைப்பையின் அடியில், சாவிக்கொத்துக்கும் கீழே வைத்தார்.

"சரி. வாயசைக்கவங்கல்லாம் முன்னால வாங்க," என்றார். பாதிக் குழு முன்னால் வந்தது. "நல்லா சத்தமாப் பாடுங்க. நீ மட்டும் கொஞ்சம் பாத்துப் பாடு, லாரி."

அன்று அந்தப் பாட்டு ஆரம்பித்த இடத்திலேயே முடிந்தது. முடிந்த பிறகும் சுவர் அதைக் கொஞ்ச நேரம் பாடிக்கொண்டிருந்தது. கேன்டீனில் வாயசைப்போர் சங்கம் ஒருமனதாகக் கலைக்கப்பட்டது. கலைப்புக் கூட்டத்தின் இரைச்சல் தாங்காமல் கேன்டீன்காரர், "ஏனுங்க, அந்தச் சுக்குக் காப்பியவே திரும்பக் கேளுங்களேன்," என்றார்.

தேர்வு நாள் வந்தது. குழந்தையம்மாள் கட்டையான உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கட்டைவிரல் தெரியாத கான்வாஸ் ஷூ. அந்த ஷூதான் எல்லாரையும் மிரட்டியது. எந்த வரிசையில் நடக்கிறார் என்று சத்தம் வராது. ஜெயபாரதி பழைய பழக்கத்தில் பின்வரிசையில் சுவரோரமே நின்றாள். உள்ளங்கையைப் பின்னால் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். அது மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. 'இருக்கறன் கண்ணு' என்று சொல்கிற மாதிரி.

மேடம் சுவர்ப் பக்கம் காதைச் சாய்த்துச் சுருதி வாங்கினார். கையைத் தூக்கினார்.

*மேற்கே இடித்தது, கேட்டாயா?*

எத்தனை மாதம் உள்ளேயே கிடந்த சத்தம்! ஜெயபாரதி கண்ணை மூடினாள். கல் மண்டபம் எழுந்தது. பனி விழுந்தது. நீளக் கோட்டுக்காரர்கள் தோளோடு தோள் நின்றார்கள். தமிழ்செல்வன் தூரத்தில் இடியாக உருண்டான். இரண்டாவது அடியில் குழந்தையம்மாள் வரிசைக்குள் புகுந்தார். மூன்றாவது அடியில் பின்வரிசைக்குத் திரும்பினார். ஜெயபாரதிக்கு எதுவும் தெரியாது. அவள் நொய்யலில் வெள்ளத்தோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

அப்போது கரண்டு போயிற்று.

மின்விசிறி நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் அத்தனை மெஷின்களும் ஒரு பெருமூச்சோடு நின்றன. சுவர் ஊமையானது. மண்டபத்தில் இருந்த ஒவ்வொரு தலையும் தூக்கிப் பார்த்தது. ஒவ்வொரு வாயும் அந்தரத்தில் நின்றது. கவளம் நின்ற மாதிரி, நடுச் சொல்லில், மொத்தக் குழுவும் பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

ஜெயபாரதி மட்டும் பாடிக்கொண்டிருந்தாள். அவள் இருந்த ஊரில் மெஷின் கிடையாது.

ஓர் அடி முழுக்கப் பாடிய பிறகுதான் ஏதோ குறைகிறது என்று தோன்றிக் கண்ணைத் திறந்தாள். ஒரு முழ தூரத்தில் கான்வாஸ் ஷூ. அதற்கு மேலே குழந்தையம்மாளின் காது. அவ்வளவு அமைதியில் தன் குரலை அவள் அதுவரை கேட்டதே இல்லை. நடுரோட்டில் குளிப்பதைப் போல இருந்தது. நிறுத்திவிடலாம் என்று உதடு கூடவும் பார்த்தது. அப்போது எல்லாத் தலைகளுக்கும் மேலாக ரோஸ்மேரி மேடத்தின் முகம் தெரிந்தது. அந்த உதடு சத்தமில்லாமல் அசைந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் மேடம் ஜெபம் செய்கிறார் என்று நினைத்திருப்பார்கள். சங்கத் தலைவி அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

'நிறுத்திராதட்டி. நேராத்தான் பாடுதே. பாடு!'

அவள் பாடினாள். சுவரில் இருந்த கையை எடுத்துவிட்டாள். அது இனி ஒன்றும் சொல்லப் போவதில்லை. *மண்ணே, கதவைத் திற* என்று லாரி ஆரன் தொண்டை முழுவதையும் திறந்துவிட்டாள். முதலில் தமிழ்செல்வனுக்கு உயிர் வந்தது. "ம்ம்" என்று அடியிலிருந்து தூக்கிக் கொடுத்தான். பிரிசில்லா வந்தாள், முத்துப்பேச்சி வந்தாள், முனீஸ் தப்பான இடத்தில் நுழைந்து சரியான இடத்தில் வந்து சேர்ந்தான். தொலைவில் கம்பெனி ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. ஆனால் மெஷின்கள் ஓடவில்லை. பாட்டின் கடைசி அடி வரை, அதன் கடைசி மூச்சு வரை, அவர்களுக்குச் சுருதி பிடிக்க அவர்களைத் தவிர யாருமில்லை.

பாட்டு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் ஒரே விஷயத்துக்காகக் காத்திருந்தார்கள். கவையை எடுக்கக் கைப்பைக்குள் விட்ட மேடத்தின் கை சாவிக்கொத்தோடு போராடிக்கொண்டிருந்தது.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷின் கிளம்பியது. அடிவயிற்றிலிருந்து முனகி, மெல்ல மேலே ஏறியது. அடுத்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நான்கு வரிசையும் நுழைவது போல ஒன்றன்பின் ஒன்றாக ஏறி ஏறி, அத்தனையும் சேர்ந்து ஓரிடத்தில் வந்து நின்றன. கூரையின் கீழ் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அவர்களுடைய கடைசிச் சுருதியின் மேலேயே, ஒரு மயிரிழை பிசகாமல்.

ரோஸ்மேரி மேடம் கையைப் பையிலிருந்து வெறுமனே வெளியே எடுத்தார். "ஏசப்பா," என்றார். அப்புறம் மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி ஒரு கூச்சல்.

குழந்தையம்மாள் கூச்சல் அடங்கும் வரை பொறுத்திருந்தார். "அதென்னங்க அந்தச் சத்தம்?"

"எங்க சுருதிப்பெட்டிங்க மேடம்," என்றான் தமிழ்செல்வன்.

"கொஞ்சம் பெருசா இருக்குமாட்ட இருக்குது." பேனாவை மூடிக்கொண்டே பின்வரிசையைப் பார்த்தார். "இந்தப் புள்ளையத் தனியாப் பாடச் சொல்லலாமுன்னு வந்தேன். பாடிப்போட்டாளே. நீங்க எல்லாரும் எதுக்கு நடுவுல நிறுத்துனீங்க? அதுதான் எனக்கு வெளங்கவே இல்லை."

எதற்கு நிறுத்தினோம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் தேர்ச்சி என்று சொல்லிவிட்டு ஷூ சத்தம் வராமல் போனார்.

ஜெயபாரதி வாசலுக்கு ஓடியபோது ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வாசலில் அப்பா நின்றிருந்தார். தலையிலும் புருவத்திலும் மீசையிலும் பனி. நடுவில் பல்லடம் பஸ்களும் பின்னால் மெஷின்களும் ஒரே இரைச்சல். அவர் உதட்டால் கேட்டார்.

'கரண்டு போனப்ப ஒரு புள்ள பாடுச்சே. ஆரு கண்ணு அது?'

அவள் பதில் சொல்வதற்குள் அவரே மேலே சொல்லிக்கொண்டு போனார். கை, புருவம், உதடு எல்லாம் பேசின. 'ஜெனரேட்டர் வந்துருச்சு. பட்டனுல வெரலை வெச்சுட்டு எல்லாரும் அப்படியே நின்னுட்டோம். பீகார் பையன் ருக்கோ, ருக்கோன்னு கையைக் காட்டி நிறுத்திப்போட்டான். சூப்பர்வைசர் கத்தறாரு, ஒருத்தரும் அமுக்குல. பாட்டு முடிஞ்சப்பறந்தான் ஓட்டுனோம். ஆரு அது?'

ஜெயபாரதிக்கும் உதட்டால் பதில் சொல்லத் தெரியும். அவளைவிட நன்றாக அந்த ரோட்டில் யாருக்குமே தெரியாது. ஆனால் துப்பட்டாவைக் கழுத்திலிருந்து உருவிக் கையில் பிடித்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"நாந்தானுங்ப்பாஆஆ!"

மேலே போகாமல், கீழே இறங்காமல், மெஷின்களின் சுருதியிலேயே அது ரோட்டைக் கடந்து போயிற்று. ஹாரன் அடிக்கக் கையை வைத்த பல்லடம் பஸ் டிரைவர் ஒரு கணம் யோசித்து, அடிக்காமல் போனார்.